யாராவது ஒருவர் எழுந்து நிற்கும்வரை

பாடசாலைகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். உற்சாகமாக நாலு வார்த்தை இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். உற்சாகத்துக்கு என்னிடம் வந்தது அவர்களுடைய பிழை. ஓய்வுபெற்ற பிறகு எனக்கு நினைவில் வருகிற பிள்ளைகள் சரிவந்த பிள்ளைகள் அல்ல. சரிவந்தவர்கள் கலியாண வீடுகளில் கண்டு, "ரீச்சர், என்னைத் தெரியுதோ?" என்று சிரித்துக்கொண்டு வருவார்கள். அவர்களை நான் நினைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. மற்றவர்கள்தான் பகலில் தேத்தண்ணி ஆறிப்போகும்வரை கூட இருக்கிறார்கள்.

தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் ஓர் உயர்நிலைப் பாடசாலையில் ஈ.எஸ்.எல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலம் தெரியாமல் வந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை என்று பெயர். உண்மையில் பாதி நேரம், அலுவலகத்துக்கு அழைக்கப்பட்ட தமிழ்த் தாய் தகப்பனுக்கு மொழிபெயர்க்க ஓடுவேன். பாடசாலையில் தமிழ் தெரிந்த பெரியவர் நான் ஒருத்திதான். யாருக்காவது மூக்கில் இரத்தம் வந்தாலும் கூப்பிடுவார்கள், யாராவது மூக்கை உடைத்தாலும் கூப்பிடுவார்கள்.

அந்த வருடங்களில் யப்பான் என்றால் எல்லோருக்கும் ஒரு மயக்கம் இருந்தது. அமெரிக்கப் பிள்ளைகள் கணக்கிலே பின்னுக்கு நிற்கிறார்கள், யப்பான் பிள்ளைகள் எங்கேயோ போய்விட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டேயிருந்தன. அமெரிக்க முறை என்றால் கனடாவும் அதற்குள் அடக்கம்தான். கனடாக்காரருக்கு முன்னால் மட்டும் அப்படிச் சொல்லிவிடாதீர்கள், முகம் கறுத்துப் போகும். எங்கள் உப அதிபர் ஓர் ஆசிரியர் கூட்டத்தில் யப்பான் பள்ளிக்கூடங்களைப் பற்றி நீளமாகப் பேசினார். அங்கே பிள்ளைகளே வகுப்பைக் கூட்டித் துடைப்பார்களாம். ஒருவன் பிழை விட்டால் வகுப்பு முழுவதும் அதைத் தன் பிழையாக எடுத்துக்கொள்ளுமாம். "இங்கே கீழே கிடக்கிற தாளை எடு என்று ஒரு பிள்ளையிடம் சொன்னால், நான் போடவில்லையே என்கிறது" என்று அவர் குறைப்பட்டார். எல்லோரும் தலையாட்டினோம். நானும் நன்றாகவே ஆட்டினேன்.

எங்கள் பெற்றோருக்கோ எல்லாம் வேண்டியிருந்தது. யப்பான்காரன் எடுக்கிற புள்ளி, அமெரிக்காக்காரன் பார்க்கிற வேலை, யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் அடக்கம் மூன்றும் ஒரே உடம்பில் இருக்க வேண்டும். அந்த உடம்புக்குப் பதினாலு பதினைந்து வயது என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டல்ல.

அப்படியிருக்கும்போதுதான் நிலானி வந்து சேர்ந்தாள். தகப்பன் எண்பதுகளில் யப்பானுக்குப் போய்க் கார் உதிரிப்பாகம் செய்கிற ஓரிடத்தில் வேலை செய்தவர். பிறகு மனைவி புவனாவையும் கைக்குழந்தையாக இருந்த நிலானியையும் அங்கே கூப்பிட்டிருக்கிறார். பிள்ளை முதலாம் வகுப்பிலிருந்தே யப்பான் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். அங்கே தொடர்ந்து இருக்க விசா கிடைக்காமல் போக, குடும்பமாக ரொறன்ரோவுக்கு வந்து அகதிக் கோரிக்கை வைத்திருந்தார்கள். அது இன்னும் விசாரணைக்கு வரவில்லை. வீட்டில் பேசுகிற யாழ்ப்பாணத் தமிழ், பள்ளிக்கூடத்து யப்பான் மொழி இரண்டும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆங்கிலம் மட்டும் புதிது.

ஒன்பதாம் வகுப்பில் அவளை எல்லோருக்கும் பிடித்தது. பாடம் முடிந்ததும் மற்றப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அவள் நின்று கரும்பலகையைத் துடைத்து, கதிரைகளை உள்ளே தள்ளிவிட்டுத்தான் போவாள். துப்புரவு செய்கிறவரே ஒருநாள் என்னிடம் வந்து, அது தன்னுடைய வேலை, பிள்ளையை வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள் என்றார். வகுப்புப் பிள்ளைகள் அவளுக்குப் பட்டப்பெயர் வைத்துச் சிரித்தார்கள். ஆசிரியர்கள் நல்ல பிள்ளை என்றார்கள். அதே ஆசிரியர்கள்தான் தவணை அறிக்கையில், கை உயர்த்துவதில்லை, கருத்துச் சொல்வதில்லை, பங்கேற்பு போதாது என்று எழுதிப் புள்ளியையும் குறைத்தார்கள்.

எனக்கு வேறொன்று உறுத்தியது. ஒருமுறை அவள் எழுதிய ஒரு பந்தியை வகுப்புக்கு வாசித்துக் காட்டி, எவ்வளவு வடிவாக எழுதியிருக்கிறாள் என்று புகழ்ந்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன். அடுத்த முறை அவளுக்கு நன்றாகத் தெரிந்த சொற்களையே பிழையாக எழுதித் தந்தாள். யப்பானில் கூட்டத்தை விட்டுத் தலை வெளியே தெரிந்தால் ஆபத்து. இங்கே தலை வெளியே தெரியாவிட்டால் ஆள் இருப்பதாகவே யாரும் நினைப்பதில்லை. அந்தப் பிள்ளை ஒவ்வொரு நாள் காலையும் ஒன்றிலிருந்து புறப்பட்டு மற்றதுக்குள் வந்துகொண்டிருந்தது.

பனிக்காலத்தில் ஒருநாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே என்னை அலுவலகத்துக்கு அழைத்தார்கள். விஞ்ஞான ஆய்வுகூடத்தில் ஓர் அசம்பாவிதம். ஆசிரியர் ஏதோ எடுக்கப் பக்கத்து அறைக்குப் போன நேரத்தில், ஒரு மேசையிலிருந்து யாரோ விளையாட்டுக்கு அசிட்டை வீசியிருக்கிறார்கள். அது அடுத்த மேசையில் முதுகைக் காட்டிக்கொண்டிருந்த ஒரு பையனின் கையில் பட்டுத் தோல் வெந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வீசப்பட்ட மேசையில் நாலு பிள்ளைகள். மூன்று பேர் ஆளுக்காள், "நான் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். நாலாவது ஆள் நிலானி.

"அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள்" என்றார் உப அதிபர், நான் கதிரையில் இருக்குமுன்பே. "நீங்கள் தாய்க்கு மொழிபெயர்த்தால் போதும்."

புவனா வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள். சாப்பாட்டுச் சாமான் பொதி செய்கிற இடத்தில் வேலை. தலையில் போட்ட வலைத்தொப்பியைக் கழற்றவும் மறந்து போயிருந்தாள். நான் விசயத்தைச் சொன்னதும் அவள் மகளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "பொலிசுக்குப் போகுமோ ரீச்சர்? எங்கடை கேஸ் இன்னும் முடியேல்லை" என்றாள்.

அந்த நேரம் வெந்துபோன பையனின் தாய் உள்ளே வந்தாள். நிலானி கதிரையை விட்டு எழும்பி, இடுப்பிலிருந்து குனிந்து, தலையைத் தூக்காமல் நின்றாள். "எங்களை மன்னித்துக்கொள்ளுங்கள். எங்கள் மேசையின் பிழை" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். உப அதிபர் என்னைப் பார்த்தார். பார்த்தீர்களா என்பது போல ஒரு பார்வை. ஆசிரியர் கூட்டத்தில் இதைத்தானே புகழ்ந்தீர்கள் என்று வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

எங்கள் பாடசாலையில் வழிகாட்டல் பகுதிக்குத் தலைவியாக ஒரு மூத்த வெள்ளைக்கார அம்மாள் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்கே அது பிடிக்காது. இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவரிடம் எடுத்தது. குழப்பம் வந்தால் முதலில் யாருக்கு அவசரம் என்று பார் என்பார். அந்த நாள் நான் பார்த்தேன். பையனின் குடும்பம் லோயரைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தது. உப அதிபருக்குப் பின்னேரத்துக்குள் ஒரு பெயர் தேவை. விஞ்ஞான ஆசிரியர் தான் ஏன் அறையை விட்டு வெளியே போனார் என்ற கேள்வி வருமுன் விசயம் முடிந்தால் போதும் என்று இருந்தார். அவசரம் இல்லாத ஒரே ஆள் நிலானி. நான் அந்த அம்மாளிடம் ஓடினேன். அவர் வந்து கதவருகே நின்று, மறுநாள்வரை எதையும் முடிவு செய்யக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னால் உப அதிபர் மறுப்பதில்லை.

அன்று பின்னேரம் அவர்களுடைய அப்பார்ட்மென்டுக்குப் போனேன். ஆசிரியர் பிள்ளையின் வீட்டுக்குப் போவது இங்கே வழக்கமில்லை, சிலருக்குப் பிடிக்கவும் பிடிக்காது. தகப்பன் ரெக்ஸ்டேலில் வேலைக்குப் போய்விட்டார். அவருக்கு இன்னும் விசயம் தெரியாது. புவனா தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றாள். நான் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தினேன்.

"அசிட்டை எறிஞ்சது நீயோ?"

"இல்லை ரீச்சர்."

"நீ எங்கை நிண்டனி?"

"பைப்படியிலை. மேசை துடைக்கத் துணி நனைச்சுக்கொண்டு நிண்டனான். அவன் கத்தினவுடனை கையைப் பிடிச்சுத் தண்ணிக்கை வைச்சனான்."

"பிறகேன் மன்னிப்புக் கேட்டனி?"

"எங்கடை மேசைதானே ரீச்சர்."

"மேசையோ எறிஞ்சது?" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

"ஆரெண்டு கண்டனியோ?"

அதை விட்டுவிட்டு அவள் வேறொன்று சொல்லத் தொடங்கினாள். "அங்கை ஏதாவது பிழை நடந்தா ரீச்சர் ஒருதரையும் வீட்டை விடமாட்டா. எல்லாரும் கதிரையிலை இருக்கவேணும், கதைக்கேலாது. பிறகு ஆரோ ஒராள் எழும்பி நிண்டு நான்தான் எண்டு சொல்லும். அதுக்குப் பிறகு எல்லாரும் வீட்டை போகலாம்."

எனக்குள்ளே இருந்த பழைய மயக்கம் அந்த நேரமும் கொஞ்சம் தலைதூக்கியது. எவ்வளவு நேர்மை, கடைசியில் செய்தவன் எழும்பத்தானே செய்கிறான் என்று நினைத்தேன். "செய்த ஆள்தான் எழும்புமோ?" என்று கேட்டேன்.

நிலானி தாயைப் பார்த்தாள். புவனா தேத்தண்ணிக் கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டு நின்றாள்.

"எழும்பினது இவதான் ரீச்சர்" என்றாள் புவனா. "ஒவ்வொருக்காவும் இவதான். எனக்குக் கனகாலம் தெரியாது. அங்கை வருசத்துக்கு ஒருக்காக் கிளாஸ் ரீச்சர் எல்லாற்றை வீட்டுக்கும் வந்து பாப்பா. அப்பிடி வந்தவ, உங்கடை மகள் வகுப்புக்குப் பெரிய உதவி எண்டு சொன்னா. எனக்கு அவையின்ரை பாஷை வடிவா விளங்காது. இவதான் பக்கத்திலை இருந்து எனக்குத் தமிழிலை சொன்னவ. நான் சந்தோசத்திலை தேத்தண்ணியும் குடுத்து, செய்து வைச்ச பலகாரத்தையும் கட்டிக் குடுத்து விட்டனான். பிறகு ஒருநாள்தான் தெரிஞ்சுது என்ன உதவியெண்டு. யன்னல் உடைஞ்சாலும் இவ, ஆற்றையும் சப்பாத்துக் காணாமப் போனாலும் இவ. வெளிநாட்டுப் பிள்ளை, ஒரு சிநேகிதமும் இல்லை. இவ எழும்புமட்டும் எல்லாரும் பேசாமக் குனிஞ்சுகொண்டு இருப்பினமாம்."

நான் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. தன்னைப் பற்றிய அந்தப் புகழ்ச்சியைத் தாய்க்குத் தானே மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிற பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன். யப்பானில் யாரும் யாரையும் கைகாட்டவில்லை. கைகாட்டுவது நாகரிகமில்லை. எல்லோருமாகச் சேர்ந்து பேசாமல் இருந்தார்கள், பழி போய் ஆளில்லாத பிள்ளையின் தலையில் தானாகவே இறங்கியது. இங்கே எல்லோருக்கும் வாய் இருக்கிறது. ஆளுக்காள் தன்னைக் காப்பாற்றிக்கொண்ட பிறகு மிச்சம் யாரோ அவருடைய தலையில் இறங்குகிறது. இரண்டு முறையையும் ஒப்பிட்டுப் புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள். நான் கண்ட ஒப்பீடு இவ்வளவுதான்.

அந்தப் பிள்ளைக்கு அன்று ஒரு வசனம் சொல்லிக்கொடுத்தேன். "நான் செய்யவில்லை, நான் பைப்படியில் நின்றேன்." ஆங்கிலத்தில் திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தேன். மற்றவர்களின் பெயர் சொல்லத் தேவையில்லை, உன்னைப் பற்றி மட்டும் சொன்னால் போதும் என்றேன். குசினியில் நின்று, தாயைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, ஒரு பிழையில்லாமல் சொன்னாள்.

மறுநாள் கூட்டம். உப அதிபர், விஞ்ஞான ஆசிரியர், வழிகாட்டல் அம்மாள், புவனா, நிலானி, நான். மற்ற மூன்று பிள்ளைகளும் காலையிலேயே தாய் தகப்பனோடு வந்து போய்விட்டார்கள். ஒரு தகப்பன் லோயரையே கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மூன்று பேரும் முன்னே சொன்னதையே சொல்லியிருந்தார்கள். கை வெந்த பையனிடமும் கேட்டிருந்தார்கள். யார் எறிந்தது என்று தெரியாது, நிலானிதான் ஓடிவந்து கையைத் தண்ணீரில் பிடித்தவள் என்று அவன் சொல்லியிருந்தான். "குற்றவுணர்ச்சியில் அப்படி ஓடிவருவார்கள்" என்றார் விஞ்ஞான ஆசிரியர்.

நான் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். யப்பான் வகுப்பைச் சொன்னேன், வீட்டுக்கு வந்து புகழ்ந்த ஆசிரியையைச் சொன்னேன். தண்ணீர்க் குழாய் மேசைக்கு எதிர்ப்பக்கம், அறையின் அடுத்த தொங்கலில் இருக்கிறது, பையன் கத்தும்போது அவள் அங்கே துணி நனைத்துக்கொண்டு நின்றாள் என்றால் மேசையில் நின்று எறிந்திருக்க முடியாது என்றேன். உப அதிபர் கவனமாகக் கேட்டார். அவர் கெட்ட மனிதர் அல்ல, அதை நீங்கள் மறந்துவிடக்கூடாது. கெட்ட மனிதர்கள் இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதை லேசாக இருந்திருக்கும்.

"நான் உங்களை நம்புகிறேன்" என்றார். "ஆனால் அவள் தான் செய்ததாகச் சொல்லியிருக்கிறாள். அதை நீங்கள் மாற்ற முடியாது, அவள்தான் மாற்ற வேண்டும். ஒரு வசனம் போதும். அவள் சொன்னால் இப்பவே இதை வேறு மாதிரி முடிக்கலாம்."

எல்லோரும் நிலானியைப் பார்த்தோம்.

வழிகாட்டல் அம்மாள் எனக்குச் சொல்லித்தந்த இன்னொரு பாடம் இருந்தது. பிள்ளையிடம் கேள்வி கேட்டால் வாயை மூடு. இடைவெளியை நீ நிரப்பாதே, பிள்ளை நிரப்பட்டும். நல்ல பாடம். அதுவரைக்கும் அது என்னை ஒருமுறையும் கைவிட்டதில்லை. அதனால் நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. உப அதிபர் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். விஞ்ஞான ஆசிரியர் தன்னுடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். புவனா மடியில் கையைக் கோத்துக்கொண்டு தலை குனிந்திருந்தாள். யன்னலுக்குக் கீழே ஹீற்றர் மட்டும் டக் டக்கென்று சத்தம் போட்டது.

நிலானி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தப் பார்வை என்னிடம் வந்தபோதுதான் நாங்கள் என்ன அறையை உண்டாக்கி வைத்திருக்கிறோம் என்று எனக்கு விளங்கியது. பெரிய ஆட்கள் எல்லோரும் பேசாமல் குனிந்துகொண்டு, ஒரு பிள்ளை வாய் திறக்கும்வரைக்கும் இருக்கிறோம். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"நான்தான் செய்தேன்" என்றாள். ஆங்கிலத்தில், தெளிவாக. "என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்."

புவனாவுக்கு நான் அதை மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் சொன்னதை யாராலும் எடுத்துப்போட முடியவில்லை. விஞ்ஞான ஆசிரியர் பையை எடுத்துக்கொண்டார். உப அதிபர் பேனையைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

வழிகாட்டல் அம்மாள் மேலிடத்தோடு சண்டை பிடித்துப் பொலிசுக்குப் போகாமல் தடுத்தார். அந்த அளவுக்குத்தான் முடிந்தது. பிள்ளையைக் கொஞ்சக் காலம் சஸ்பென்ட் பண்ணி, பிறகு ரூஜ் பக்கமாக இருந்த வேறொரு பாடசாலைக்கு மாற்றினார்கள். இரண்டு பஸ் எடுத்துப் போகவேண்டும். மற்ற மூன்று பேரும் அந்த மேசையிலேயே அந்த வருடத்தை முடித்தார்கள். அவர்களில் யார் எறிந்தது என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. அவள் சொல்லவேயில்லை. நிலானியின் தகப்பன் ஒருநாள் என்னைக் கடையில் கண்டுவிட்டு, கதைக்காமல் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். அவருடைய மகளைப் பற்றி நான் அவருக்கு என்ன சொல்லியிருக்கப் போகிறேன்?

இதிலிருந்து என்ன படித்தேன் என்று கேட்பீர்கள். அறையில் எல்லோரும் பேசாமல் இருக்கும்போது, அந்தப் பிள்ளை இதற்கு முன் எந்த அறையில் இப்படி இருந்தது என்று முதலில் கேளுங்கள். அதை அறியாமல் நல்ல பாடம் எதையும் பிரயோகிக்காதீர்கள். அவ்வளவுதான். இத்தோடு நிறுத்தினால் உங்களுக்கு நல்லது, எனக்கும் நல்லது. ஆனால் கதை அத்தோடு நிற்கவில்லை.

அடுத்த வருடம் அந்தப் புதிய பாடசாலையிலிருந்து வழிகாட்டல் ஆசிரியை ஒருத்தி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். இளம் பெண், குரலே துள்ளியது. அங்கே ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டுமாம். உடற்பயிற்சி வகுப்பில் ஒருத்தியின் வோக்மன் களவு போய்விட்டது. சம்பந்தப்பட்ட பிள்ளை வன்னியிலிருந்து அண்மையில்தான் வந்தது, ஆங்கிலம் ஒரு சொல்லும் வராது. பிறகு, எனக்கு ஒரு நல்ல செய்தி சொல்வது போல, "உங்கள் நிலானி எவ்வளவு மாறிவிட்டாள் தெரியுமா? வந்த புதிதில் வாயே திறக்கமாட்டாள். இப்போது தனக்காகத் தானே பேசுகிறாள். நேற்று அத்தனை பேரையும் வைத்துக் கேட்டபோது, நான் எடுக்கவில்லை, அந்தப் பிள்ளை பைகளுக்குப் பக்கத்தில் நின்றதைக் கண்டேன் என்று முதலில் சொன்னவளே அவள்தான்" என்றாள்.

நான் போனேன். அலுவலகத்துக்கு வெளியே போட்டிருந்த நீள வாங்கில் நிலானி இருந்தாள். வளர்ந்திருந்தாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். பக்கத்தில் இருந்த சிநேகிதியோடு ஆங்கிலத்தில் ஏதோ பகிடி விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவள், என்னைக் கண்டதும் "ஹாய் மிஸ்" என்றாள். சிநேகிதி எழுந்து போனாள். நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"நீ கண்டனியோ, அவ எடுத்ததை?" என்று தமிழில் கேட்டேன்.

"இல்லை ரீச்சர்."

"பைக்குப் பக்கத்திலை நிண்டதை?"

"எல்லாரும்தான் நிண்டவை."

"அப்ப ஆர் எடுத்தது?"

"எனக்குத் தெரியாது."

"பிறகேன் அந்தப் பிள்ளையைச் சொன்னனி?"

அவள் முகத்தில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. தெரியாத ஒருவருக்கு வழி சொல்வது போல அவசரப்படாமல் ஆறுதலாகச் சொன்னாள். "ஆரோ ஒராள் எண்டாத்தானே ரீச்சர் எங்களை வீட்டை விடுவினம். அவவுக்கு இங்கிலிஷ் வராது. இல்லையெண்டு சொல்லவும் தெரியாது."

உள்ளே இருக்கிற பிள்ளையைக் காப்பாற்றவேண்டுமென்றால் வெளியே இருக்கிற பிள்ளையைக் காட்டிக்கொடுக்க வேண்டும். இருவருக்கும் நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் துள்ளுகிற குரலோடு ஓர் ஆசிரியை, கையில் பேனையோடு.

கதவைத் திறந்தேன். வன்னிப் பிள்ளை என்னைக் கண்டதும் சட்டென்று எழுந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றது. ரீச்சர் வந்தால் எழும்புவது அங்கே படித்த பிள்ளைகளுக்கு உடம்போடு ஊறினது. ஆனால் வழிகாட்டல் ஆசிரியை அதை ஒப்புக்கொள்வதாக நினைத்து எழுதப்போனாள்.

"நீ இரு பிள்ளை. ஒருதரும் உன்னை எழும்பச் சொல்லேல்லை" என்றேன். அது இருந்தது. பேனையைக் கீழே வைக்கும்படி அந்த ஆசிரியையிடமும் சொன்னேன். பிறகு திரும்பி நிலானியையும் உள்ளே கூப்பிட்டு, அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன்.

அவள் வந்தாள். அந்தக் கதிரையில் இருக்கவில்லை, நின்றாள்.